ஹென்றி டெரோசியோ: வினா எழுப்பிய ஆசிரியர்

1826ஆம் ஆண்டு கல்கத்தாவின் இந்துக் கல்லூரியில் ஓர் இளைஞர் ஆசிரியராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 17. அவரிடம் பயில வந்தவர்கள் அவரைவிட நான்கைந்து வயதே இளையவர்கள். அவரைச் சூழ்ந்து நின்ற இளைஞர்களுள் தாராசந்த் சக்கரவர்த்தி போன்ற ஓரிருவர் அவரினும் மூத்தவர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் அந்தப் பணியை இழந்தார். அதே ஆண்டின் இறுதியில் மறைந்தும் போனார். இந்த ஐந்தாண்டுப் பணியைத் தவிர்த்து வங்காளத்தின் புத்தெழுச்சி வரலாற்றை எழுத இயலாது. அவர் பெயர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ.

பிறப்பும் இளமையும்

டெரோசியோ 1809 ஏப்ரல் 18 அன்று கல்கத்தாவின் எண்டாலிப் பகுதியில் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் டெரோசியோ ஒரு வணிக நிறுவனத்தின் தலைமைக் கணக்கர். முன்னோர் போர்ச்சுகீசிய வழியினர். இந்தியக் குருதியும் அக்குடும்பத்தில் கலந்திருந்தது. இத்தகையோரை அக்காலத்தில் கிழக்கிந்தியர் என அழைத்தனர். ஆங்கிலேயர் இவர்களைத் தமக்கு இணையாகக் கருதவில்லை. கம்பெனி அரசின் உயர்பதவிகள் இவர்களுக்கு மூடப்பட்டிருந்தன. இந்தியச் சமூகமும் இவர்களைத் தம்மவராக ஏற்கவில்லை. தம் ஆறாம் வயதில் தாயை இழந்த டெரோசியோ, இந்த இரண்டுங்கெட்ட நிலையிலேயே வளர்ந்தார். இருப்பினும் பிற்காலத்தில் அவர் கவிதை எழுதியபோது இந்தியாவையே தம் தாய்நாடாகப் பாடினார். இந்தியாவைத் தாய்நாடாக விளித்து ஆங்கிலத்தில் கவிதை எழுதிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

தர்மதலாவில் டேவிட் டிரம்மண்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒரு பள்ளி நடத்தி வந்தார். ஐரோப்பியர், கிழக்கிந்தியர், இந்தியர் ஆகிய முத்திறத்துச் சிறுவர்களும் அங்கே ஒரே பலகையில் அமர்ந்து பயின்றனர். அன்றைய கல்கத்தாவில் இஃது எளிய செய்தியன்று. டிரம்மண்ட் கவிஞர், கட்டற்ற சிந்தனையாளர், தம் நாட்டு மெய்யியலறிஞர் டேவிட் ஹியூமின் எழுத்துகளில் தோய்ந்தவர். எதனையும் காரணம் கேட்டே ஏற்கவேண்டும் என்னும் பழக்கத்தை டெரோசியோ அவரிடமிருந்தே பெற்றார். ஆண்டுதோறும் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த தேர்வுகளில் அவர் பரிசுகள் பெற்றார்.

14ஆம் வயதில் அவர் பள்ளியைவிட்டு நீங்கினார். சிறிது காலம் தந்தையின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபின், பாகல்பூரில் தம் அத்தை குடும்பத்தார் நடத்திய அவுரிச் சாயப் பண்ணைக்குச் சென்றார். கங்கைக்கரை வாழ்க்கை அவரைக் கவிஞராக்கியது. ஆற்றின் நடுவே நிற்கும் ஜங்கீராப் பாறையும் அதனைப் பற்றி ஊரார் கூறிய கதைகளும் அவர் உள்ளத்தில் பதிந்தன. எழுதிய கவிதைகளை ‘இந்தியா கெசட்’ இதழுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் ஜான் கிராண்ட் அவரை ஊக்குவித்தார். 1827இல் முதல் கவிதைத் தொகுதியும், 1828இல் ‘ஜங்கீராவின் பக்கீர்’ என்னும் நெடும்பாடலும் வெளிவந்தன. கணவனின் சிதையில் ஏற்றப்படவிருந்த ஓர் இளம் கைம்பெண் மீட்கப்படுவதும், அதன்பின் நேரும் துயரமும் அந்நெடும்பாடலின் பொருள். உடன்கட்டை ஏறும் வழக்கத்தைச் சட்டம் தடைசெய்தது 1829 டிசம்பரில். பாடல் அதற்கு முந்தியது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

வகுப்பறை

இந்துக் கல்லூரி 1817 ஜனவரி 20 அன்று தொடங்கப்பட்டது. கல்கத்தாவின் செல்வர்களும், கடிகாரத் தொழில் செய்ய வந்து கல்விப் பணியில் தம்மை ஒப்படைத்துக்கொண்ட டேவிட் ஹேர் என்னும் ஸ்காட்லாந்துக்காரரும் இதன் தோற்றத்திற்கு உழைத்தவர்கள். மதிப்புமிக்க இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமே இங்குச் சேரலாம். ஆகவே டெரோசியோ அங்கு ஆசிரியராகலாமேயன்றி மாணவராகச் சேர்ந்திருக்க இயலாது.

அவருக்கு ஒதுக்கப்பட்டவை ஆங்கில இலக்கியமும் வரலாறும். கோல்ட்ஸ்மித் எழுதிய கிரேக்க, ரோமானிய வரலாறுகளும், ஷேக்ஸ்பியர், மில்டன் ஆகியோர் நூல்களும் பாடங்களாக இருந்தன. ஆனால் பாடநூலின் எல்லையில் அவர் நின்றுவிடவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் தோன்றிய அறிவொளிச் சிந்தனையை அவர் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். அதற்கு முன்னோடியான பேக்கன், மனித அறிவு தவறுகின்ற வழிகளை ஆராய்ந்தவர். லாக், அறிவுக்கு ஊற்று அனுபவமே என்றவர். ஹியூம், அந்த அனுபவத்தின் உறுதியையே ஐயுற்றவர். மரபு சொன்னது என்பதற்காகவோ, ஆள்பவர் சொன்னார் என்பதற்காகவோ ஒன்றை உண்மையெனக் கொள்ளாது, அறிவின்முன் நிறுத்தி விசாரிப்பதே இச்சிந்தனையின் அடிப்படை.

இதனை எவ்வாறு கற்பிப்பது? ஹியூம் கூறியது இது, லாக் கூறியது இது என்று எழுதவைத்து மனப்பாடம் செய்விக்கலாம். அவ்வாறு செய்தால் பழைய மரபு இருந்த இடத்தில் ஹியூமின் பெயர் அமர்ந்திருக்கும், விசாரணை நிகழ்ந்திராது. டெரோசியோ வேறு வழியைத் தேர்ந்தார். ஒரு கருத்தையும் அதற்கு மறுப்பையும் அருகருகே வைத்து, இரண்டையும் மாணவர்கள் தாங்களே எடைபோடும்படி விட்டார்.

இதற்கு அவருடைய வகுப்பிலிருந்தே ஒரு சான்று உண்டு. இறைவன் உண்டு என்பதை அறிவால் நிறுவ முடியுமா என்னும் வினாவைப் பற்றி ஹியூம் ஒரு நூல் எழுதினார். அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1779இல், அது வெளிவந்தது. அந்நூலே ஒரு சொற்போர் வடிவில் அமைந்தது. உலகின் ஒழுங்கமைப்பைக் காட்டி இறைவனை நிறுவ முயல்கிறார் கிளியாந்தஸ் என்பவர். அவ்வாதத்தை அடுக்கடுக்கான ஐயங்களால் தளர்த்துகிறார் பைலோ என்பவர். டெரோசியோ இதனை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அத்துடன், ஹியூமின் ஐயங்களுக்கு விடைகூற முற்பட்ட தாமஸ் ரீடு, டூகால்ட் ஸ்டூவர்ட் ஆகியோரின் நூல்களையும் அவர்கள் கையில் கொடுத்தார். நோயைக் காட்டியவர் மருந்தை ஒளித்து வைக்கவில்லை. பின்னாளில் அவர்மீது பழி வந்தபோது, மாணவர்கள் பைலோவை அறிந்தது மட்டும் பேசப்பட்டது. ரீடும் ஸ்டூவர்ட்டும் மறக்கப்பட்டனர்.

சொல் அரங்கம்

வகுப்பு நேரம் இதற்குப் போதவில்லை. 1828இல் டெரோசியோவும் மாணவர்களும் சேர்ந்து ‘அகாடெமிக் அசோசியேஷன்’ என்னும் விவாதச் சங்கத்தை நிறுவினர். முதலில் கூட்டங்கள் அவருடைய வீட்டில் நடந்தன. பின்னர் மாணிக்தலாவில் ஸ்ரீகிருஷ்ண சிங்கா என்பவரின் தோட்ட வீட்டிற்கு மாறின. தலைவர் டெரோசியோ, செயலர் உமாசரண் பாசு.

கல்லூரி முடிந்த மாலைகளில் இளைஞர்கள் அங்கே திரண்டனர். ஒரு பொருளைப் பற்றி ஒருவர் கட்டுரை படிப்பார். அதனை ஆதரித்துச் சிலரும் மறுத்துச் சிலரும் எழுவர். மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டா, எல்லாம் விதியா? நம்பிக்கை பெரிதா, ஆராய்ச்சி பெரிதா? நற்பண்பு என்பது யாது? நாட்டுப்பற்று எதனால் கடமையாகிறது? இறைவன் உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் கூறப்படும் காரணங்கள் யாவை? உருவ வழிபாடு ஏற்கத்தக்கதா? இவையே அங்குப் பேசப்பட்டவை. நம் பட்டிமன்றங்களை அறிந்தவர்க்கு இக்காட்சி புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவையோரை நகைக்கச் செய்தவர் அங்கு வெற்றிபெறவில்லை. எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்து, அதன்பின் அதனை மறுக்க வல்லவரே மதிப்புப் பெற்றார்.

போட்டி கடுமையானதுதான். ரசிக் கிருஷ்ண மல்லிக், கிருஷ்ணமோகன் பானர்ஜி, ராம்கோபால் கோஷ், ராதாநாத் சிக்தார், தட்சிணாரஞ்சன் முகர்ஜி, ராம்தனு லாஹிரி, பியாரிசந்த் மித்ரா, சிவசந்திர தேவ் எனப் பின்னாளில் புகழ்பெற்றவர்கள் அங்கு ஒருவரை ஒருவர் வெல்ல முயன்றனர். அடுத்த கூட்டத்திற்குமுன் படித்துத் தேராதவர் அவையில் தலைகுனிய நேரும். இந்த அச்சமும் ஆர்வமும் அவர்களை நூல்களை நோக்கி விரட்டின. தாமஸ் பெயினின் ‘பகுத்தறிவின் காலம்’ என்னும் நூல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தா வந்தபோது, அதன் விலை ஒரு ரூபாயிலிருந்து ஐந்து ரூபாய்வரை ஏறியதாக அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது. மெய்யியல் நூலுக்கு மாணவர்கள் முண்டியடித்தது நம் நாட்டில் அடிக்கடி நடப்பதன்று!

பார்வையாளராக டேவிட் ஹேர் தவறாது வந்தார். தலைமை ஆளுநர் பெண்டிங்கின் தனிச்செயலரும், பிஷப் கல்லூரியின் முதல்வர் மில்லும்கூட வந்து கேட்டனர். பதினைந்து பதினாறு வயது இளைஞர்களின் பேச்சைக் கேட்க இத்தகையோர் வந்ததற்கு வேடிக்கை பார்க்கும் ஆவல் மட்டும் காரணமாக இருந்திருக்காது.

1830இல் மாணவர்கள் ‘பார்த்தினான்’ என்னும் இதழைத் தொடங்கினர். பெண்கல்வி வேண்டும் என்று அதன் முதல் இதழ் வாதிட்டது. இரண்டாம் இதழ் வெளிவராதபடி கல்லூரி நிர்வாகம் நிறுத்திவிட்டது.

இச்சங்கத்திற்குக் குறைகள் இல்லாமலில்லை. பேசியவர் அனைவரும் நகரத்துச் செல்வக்குடிப் பிள்ளைகள் அல்லது அவர்களை அண்டி நின்றவர்கள். பேசிய மொழி ஆங்கிலம். வங்காளத்து உழவரின் நிலை அவர்களுடைய தொடக்க கால விவாதங்களில் இடம்பெறவில்லை. அரங்கத்தில் கற்ற எச்சரிக்கையை அரங்கத்திற்கு வெளியே சிலர் கைவிட்டதும் உண்மை. ஒரு கருத்தை ஆராய்வது வேறு, பெற்றோரின் நம்பிக்கையைப் புண்படுத்துவது வேறு என்னும் வேறுபாட்டை இளமையின் வேகம் மறந்தது. வழிபாட்டு வேளையில் மந்திரத்திற்குப் பதிலாகக் கிரேக்கக் காவியத்தின் அடிகளைச் சிலர் ஒப்புவித்தனர் என்றும், காளியன்னையை வணங்காமல் ஆங்கில முறையில் காலை வணக்கம் கூறினார் ஒருவர் என்றும் ஊரில் பேச்சுகள் எழுந்தன.

விசாரணை

அன்றைய கல்கத்தா பிளவுபட்டிருந்தது. உடன்கட்டைத் தடைச்சட்டத்தை ராம்மோகன் ராய் ஆதரித்தார். அதனை எதிர்க்க 1830இல் தர்ம சபை தோன்றியது. அச்சபையின் தூண்களுள் ஒருவரான ராதாகாந்த தேவ் இந்துக் கல்லூரியின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். அவரைக் கல்வியின் பகைவர் எனக் கொள்ளலாகாது. பெரும் சமஸ்கிருத அகராதி ஒன்றைத் தொகுத்த அறிஞர் அவர். ஆங்கிலக் கல்வியையும் பெண்கல்வியையும் ஆதரித்தவர். தம் நகரத்துப் பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரிந்து போகின்றனர் என்னும் கவலையே அவரை இயக்கியது. அந்தக் கவலை வீடுதோறும் இருந்தது. பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினர். சமயம் பற்றி மாணவர்களுடன் பேசலாகாது என ஆசிரியர்களுக்கு ஆணை பிறந்தது.

1831 ஏப்ரல் 23 அன்று ராம்கமல் சென் கேட்டுக்கொண்டதன்பேரில் நிர்வாகக் குழு கூடியது. குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து விசாரிக்கவில்லை. இளைஞர்களுக்குக் கற்பிக்கத் தகாதவர் டெரோசியோ என்று கொள்ள நியாயமான காரணம் உண்டா என்பது முதல் வினா. சமஸ்கிருத அறிஞர் ஹோரேஸ் வில்சன், அவருடைய கற்பித்தலால் தீங்கு எதனையும் தாம் கண்டதில்லை என்றார். டேவிட் ஹேர், அவர் மிகத் திறமையான ஆசிரியர் என்றார். தகாதவர் என்னும் முடிவுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. உடனே வினா மாற்றப்பட்டது. நகரத்து மக்களின் மனநிலையை முன்னிட்டு அவரை நீக்குவது உகந்ததா? இந்துக்களின் உணர்வு பற்றிய இவ்வினாவில் வாக்களிக்கத் தமக்கு உரிமையில்லை எனக் கருதி வில்சனும் ஹேரும் ஒதுங்கிக்கொண்டனர். எஞ்சியோருள் ஸ்ரீகிருஷ்ண சிங்கா தவிர ஏனையோர் நீக்கத்திற்கு இசைந்தனர். ஆசிரியர் தகுதியுடையவர் என்பதும், அவர் போகவேண்டும் என்பதும் ஒரே கூட்டத்தில் முடிவாயின.

வில்சன் வழியே செய்தியறிந்த டெரோசியோ இரு நாள்களில் பணிவிலகல் கடிதம் அனுப்பினார். தம்மை விசாரிக்காமலே தீர்ப்பு வழங்கியதை அதில் சுட்டினார். அவர்மீது உலவிய பழிகளைப் பற்றி வில்சன் தனிப்பட்ட முறையில் கேட்டு எழுதினார். இறைவனை மறுக்கிறாரா? பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் கடமையன்று எனக் கற்பித்தாரா? அறத்திற்கு ஒவ்வாத உறவுகளை ஏற்றாரா?

ஏப்ரல் 26 அன்று டெரோசியோ எழுதிய விடை, இந்தியக் கல்வி வரலாற்றின் மதிப்புமிக்க ஆவணங்களுள் ஒன்று. இறைவன் இல்லை எனத் தாம் எவரிடமும் கூறியதில்லை. ஆனால் இப்பொருள் பற்றி மெய்யியலறிஞர்கள் எழுப்பிய ஐயங்களையும் அவற்றுக்கான விடைகளையும் மாணவர்களுக்கு எடுத்துரைத்தது உண்மை. ஒரு பக்கத்தை மட்டும் அறிந்த இளைஞர்களைப் பிடிவாதக்காரர்களாக உருவாக்குவது ஆசிரியர் கடமையாகாது என்பது அவர் விடையின் சாரம். மூன்றாம் பழியை அறவே மறுத்தார்.

பெற்றோர் பற்றிய பழிக்கு அவர் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாக்கினார். மாணவர் தட்சிணாரஞ்சன், தந்தையின் கடுமையைத் தாங்க இயலாமல் வீட்டைவிட்டு வெளியேற நினைத்து அவரிடம் வந்தார். அவருடைய துன்பம் உண்மையானதே என்பதை டெரோசியோ அறிந்திருந்தார். ஆயினும், பெற்றோரிடம் பலவற்றைப் பொறுத்துக்கொள்ளவேண்டும், வெளியே தள்ளப்படாத நிலையில் தானாக நீங்குவதை உலகம் ஏற்காது என்று அறிவுரை கூறித் திருப்பி அனுப்பினார். மாணவர் சில காலம் பொறுத்தார். பின்னர் ஆசிரியரைக் கேளாமலே வெளியேறி, அவர் வீட்டின் அருகிலேயே குடியேறிவிட்டார். ஊரார் கண்ணில் பட்டது அந்தக் குடியேற்றம் மட்டுமே.

இறுதி நாள்கள்

பணியை இழந்த டெரோசியோ ஓய்ந்திருக்கவில்லை. ‘ஈஸ்ட் இந்தியன்’ என்னும் நாளிதழைத் தொடங்கி, தம் கிழக்கிந்தியச் சமூகத்தின் உரிமைகளுக்காக எழுதினார். மாணவர்கள் அவர் வீட்டுக்கு வருவதும் நிற்கவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஓர் அவலம் நேர்ந்தது. கிருஷ்ணமோகன் இல்லாத நேரத்தில் அவர் வீட்டில் கூடிய நண்பர்கள், விலக்கப்பட்ட உணவை உண்டு அதன் மிச்சத்தை அண்டை வீட்டிற்குள் எறிந்தனர். அண்டை வீட்டார் கொதித்தெழுந்தனர். செய்யாத தவற்றுக்காகக் கிருஷ்ணமோகன் தம் குடும்பத்தாரால் வெளியேற்றப்பட்டார். விவாத அரங்கில் எதிர்த்தரப்பை மதிக்கக் கற்றவர்கள் தெருவில் அதனை மறந்ததன் விலையை ஒரு நண்பர் செலுத்தினார்.

டிசம்பரில் டெரோசியோவைக் காலரா தாக்கியது. கிருஷ்ணமோகன், ராம்கோபால், தட்சிணாரஞ்சன் முதலிய மாணவர்கள் இரவுபகலாகப் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தனர். 1831 டிசம்பர் 26 அன்று, தம் 22ஆம் வயதில், அவர் காலமானார். கல்கத்தாவின் தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அரங்கத்தில் எதிரெதிரே நின்று வாதிட்டவர்கள் வெவ்வேறு திசைகளில் சென்றனர். அவர்களை இளம் வங்காளத்தார் என வரலாறு அழைக்கிறது. கிருஷ்ணமோகன் கிறித்தவரானார், சிவசந்திர தேவ் பிரம்ம சமாஜத்தில் முன்னின்றார், ராம்கோபால் கோஷ் வணிகராகவும் புகழ்மிக்க சொற்பொழிவாளராகவும் விளங்கினார். பியாரிசந்த் மித்ரா எளிய பேச்சு வங்காளத்தில் நாவல் எழுதினார். ராம்தனு லாஹிரி வாழ்நாள் முழுதும் ஆசிரியராகப் பணியாற்றினார். ராதாநாத் சிக்தார், சென்னைப் பரங்கிமலையில் 1802இல் தொடங்கிய பெரும் முக்கோண நில அளவையில் கணக்கராகச் சேர்ந்து, பின்னர் எவரெஸ்ட் எனப் பெயர்பெற்ற சிகரமே உலகில் உயரமானது என்பதைக் கணக்கிட்டறிந்தார். ஒரே ஆசிரியரிடம் பயின்ற இவர்கள் ஒரே கொள்கையினராக இல்லை.

1849இல் பெத்தூன் என்னும் ஆங்கில அதிகாரி கல்கத்தாவில் பெண்களுக்கு ஒரு பள்ளி தொடங்க முன்வந்தார். இடம் கொடுக்க எளிதில் எவரும் முன்வராத காலம் அது. மே 7ஆம் நாள் 21 சிறுமியருடன் பள்ளி திறக்கப்பட்டது. அதற்குத் தம் வீட்டின் கூடத்தை வாடகையின்றித் தந்து, பின்னர் நிலமும் வழங்கியவர் தட்சிணாரஞ்சன் முகர்ஜி.